கட்டாத ஆய்வகத்தின் கணக்குகள்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் சிலமலையைக் கடந்தால் ராசிங்காபுரம். மேற்கே பார்த்தால் முழுக்க மலை. மலையின் மறுபக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ஏறுவதும், உலர்த்திய ஏலக்காய் மூட்டைகள் விற்பனைக்காகப் போடிக்கு இறங்குவதும் இப்பகுதியின் அன்றாடம். ராசிங்காபுரத்துக்கு அருகே பொட்டிப்புரம். அங்கே ஊர்க்காரர்கள் அம்பரப்பர் மலை என்று சொல்லும் மலை, இந்திய அறிவியல் உலகில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டுவரும் ஒரு முகவரி. இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அந்த மலைக்குள் அமைவதாக இருந்தது.

திட்டம் இதுதான். மலையடிவாரத்திலிருந்து கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கப்பாதை. அதன் முடிவில் பாறையைக் குடைந்து ஒரு பெரிய கூடம். கூடத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஏறக்குறைய 1 கிலோமீட்டராவது பாறை இருக்கவேண்டும். வானிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்த் துகள்களை அந்தப் பாறை வடித்து நிறுத்திவிடும். பெரும்பாலும் எதிலும் மோதாமல் ஊடுருவும் நியூட்ரினோ மட்டும் தடையின்றி வந்து சேரும். இங்குள்ள பாறை சார்னோகைட் வகை. கெட்டியானது, குடைந்தால் நிற்கக்கூடியது.

முதலில் நீலகிரியில் சிங்காரா பரிசீலிக்கப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகில் என்பதால் அது கைவிடப்பட்டு போடி மேற்கு மலை தேர்வானது. 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிறகு போராட்டங்கள், வழக்குகள். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சுட்டிக்காட்டி 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு மீண்டும் அனுமதி தந்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, புலிகள் நடமாடும் மலைப்பாதை இது என்று சொல்லி, திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலை குடையப்படவில்லை.

ஆனால் அந்த ஆய்வகத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது. கணக்காக இருக்கிறது. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னையின் கணித அறிவியல் நிறுவனம் உள்ளிட்ட பல இடங்களின் கணினிகளில், கட்டப்படாத ஒரு கருவிக்குள் லட்சக்கணக்கான நியூட்ரினோக்கள் மோதின. மோதலில் பிறந்த மியூவான் துகள்கள் வளைந்து ஓடின. பத்தாண்டு இயங்கினால் என்ன தெரியவரும் என்ற விடை கிடைத்தது. கருவி இல்லாத நிலையில், அந்தக் கணக்குகள்தான் இன்று அந்த உழைப்பின் சொத்து. அவற்றை எப்படிப் பாதுகாத்து வைப்பது? விடையை மட்டுமா, செய்முறையை மட்டுமா, இரண்டையும் ஒரே கட்டாகவா? கணினி அறிவியலின் மிகச் சாதாரணமான கேள்வியாகத் தோன்றும் இதன்மீது எனக்குப் பெரிய அக்கறை உண்டு. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

செய்து பார்க்கக்கூடிய எண்

ஐகால் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தக் கருவியின் எடை 50 கிலோ டன், அதாவது 50,000 டன் என்று எல்லாச் செய்திகளிலும் வந்தது. உலகிலேயே பெரிய காந்தம் என்ற பெருமையோடு சேர்த்துச் சொல்லப்பட்ட எண் அது. அதை அப்படியே நம்பலாம், அல்லது இப்படிச் செய்து பார்க்கலாம்.

கருவி மூன்று கூறுகள் கொண்டது. ஒவ்வொரு கூறும் 16 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். அதில் 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுகள் 151 அடுக்குகள். ஓர் அடுக்கின் கன அளவு 16 × 16 × 0.056, அதாவது 14.336 கன மீட்டர். 151 அடுக்குக்கு சுமார் 2,165. மூன்று கூறுக்கு சுமார் 6,494 கன மீட்டர். இரும்பு ஒரு கன மீட்டருக்கு 7.85 டன். பெருக்கினால் ஏறக்குறைய 51,000 டன். செய்தியில் வந்த 50,000 இதன் முழுமையாக்கிய வடிவம்.

இன்னொன்று. தகடுகளுக்கு நடுவே 4 சென்டிமீட்டர் இடைவெளி. அதில்தான் துகளை உணரும் கண்ணாடிக் கருவிகள் செருகப்படும். 151 தகட்டுக்கு நடுவே 150 இடைவெளிகள். தகடுகளின் உயரம் 8.456 மீட்டர், இடைவெளிகளின் உயரம் 6 மீட்டர், ஆக 14.456. திட்ட ஆவணத்தில் உயரம் 14.5 மீட்டர் என்றே இருக்கிறது. உணரி ஒவ்வொன்றும் 2 மீட்டருக்கு 2 மீட்டர். ஓர் அடுக்குக்கு எட்டுக்கு எட்டு, 64. 150 அடுக்கு, மூன்று கூறு: 28,800 உணரிகள். அதுவும் ஆவணத்தில் உள்ள எண்தான்.

இதை விரித்து எழுதியதற்குக் காரணம் உண்டு. 50 கிலோ டன் என்ற எண்ணை மட்டும் படித்தபோது வாசகர் கேட்பவராக இருந்தார். செய்முறையோடு படித்தபோது சரிபார்ப்பவராக ஆகிவிட்டார். தகட்டின் தடிமனை 5 சென்டிமீட்டராகக் குறைத்தால் என்ன ஆகும் என்று கேட்கவும் அவரால் முடியும். விடையைத் தானே காணவும் முடியும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் விடைக்கு மட்டும் முழு மதிப்பெண் கிடைக்காது, ஒவ்வொரு படிக்கும் ஸ்டெப் மார்க் உண்டு. ஆராய்ச்சியிலும் அதே நியாயம் செல்லவேண்டும்.

ஆனால் மேலே செய்தது சில பெருக்கல்கள்தான். உண்மையான ஆய்வுக் கணக்கு அப்படிச் சின்னதாக இருப்பதில்லை.

நான்கு நிரல்கள் வழியே ஒரு மியூவான்

ஐகால் கருவியின் நோக்கம் மூவகை நியூட்ரினோக்களின் நிறைகள் எந்த வரிசையில் அமைந்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே வரும்போது, பூமிக்குள் இருக்கும் எலக்ட்ரான்களால் அதன் வகைமாற்றம் பாதிக்கப்படுகிறது. நியூட்ரினோவுக்கு ஒருவிதமாகவும் எதிர் நியூட்ரினோவுக்கு வேறுவிதமாகவும். இரண்டையும் பிரித்தறிய காந்தம் வேண்டும். நியூட்ரினோ இரும்பில் மோதினால் எதிர்மின் மியூவான் பிறக்கும். எதிர் நியூட்ரினோ மோதினால் நேர்மின் மியூவான். காந்தப்புலத்தில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் வளையும். இந்த வளைவைப் பிரித்தறிவதற்காகத்தான் அத்தனை இரும்பையும் காந்தமாக்கும் திட்டம்.

கணினியில் இதை நடத்திப் பார்க்கும் சிமுலேஷன் பல கட்டங்களாக ஓடுகிறது. முதலில் நுவான்ஸ் என்ற நிரல்: எந்த ஆற்றலில், எந்தத் திசையிலிருந்து வரும் நியூட்ரினோ இரும்பில் எப்படி மோதும் என்று நிகழ்வுகளை உருவாக்கித் தரும். அடுத்து சேர்ன் ஆய்வகத்தில் தொடங்கிய பன்னாட்டுக் கூட்டுறவின் படைப்பான ஜீயன்ட்4: பிறந்த மியூவான் தகடு தகடாக ஆற்றலை இழந்தபடி எப்படிப் போகும் என்று காட்டும். மூன்றாவதாக, உணரிகளில் பதியும் மின்துடிப்புகளைப் போலி செய்யும் பகுதி. அதற்கடுத்து தடமீட்பு: சிதறிக்கிடக்கும் புள்ளிகளிலிருந்து கால்மன் வடிகட்டி என்ற கணிதமுறையால் மியூவானின் பாதையையும் ஆற்றலையும் மின்னூட்டத்தையும் திரும்பப் பெறுவது. இத்தனையும் முடிந்தபின்தான் புள்ளியியல். இந்த நிறைவரிசையா, அந்த நிறைவரிசையா, எது தரவுக்குப் பொருந்துகிறது என்ற தீர்ப்பு அங்கேதான் வருகிறது.

இந்த ஆய்வுகளில் 1,000 ஆண்டுக்கான நிகழ்வுகளை உருவாக்கி, பிறகு அதை 10 ஆண்டு அளவுக்குச் சுருக்குவார்கள். பத்தாண்டுக்கு மட்டும் உருவாக்கினால் தற்செயலான ஏற்ற இறக்கம் விடையைக் கலைத்துவிடும். அதேபோல ஜீயன்ட்4 கணக்கை ஒவ்வொரு ஆய்வுக்கும் மறுபடி ஓட்டுவதில்லை. இந்த ஆற்றலில், இந்தக் கோணத்தில் வரும் மியூவானின் ஆற்றலை இவ்வளவு துல்லியமாக அளக்க முடியும், மின்னூட்டத்தை இத்தனை விழுக்காடு சரியாகச் சொல்ல முடியும் என்று ஒருமுறை அட்டவணை தயாரித்துக்கொள்வார்கள். அடுத்து வரும் ஆய்வுகள் அந்த அட்டவணையிலிருந்து தொடங்கும். பல ஆண்டுப் பணியைத் தொகுத்து ஐகால் ஆய்வாளர்களின் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை 2017இல் பிரமாணா இதழில் வந்தது. பத்தாண்டில் நிறைவரிசையை ஏறக்குறைய மூன்று சிக்மா என்ற புள்ளியியல் அளவிலான உறுதியோடு சொல்லலாம் என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று.

மூன்று சிக்மா. இரண்டு சொல். அதற்குப் பின்னால் நான்கைந்து நிரல்கள், ஆயிரம் ஆண்டுப் போலித் தரவு, அட்டவணைகள், எண்ணற்ற தெரிவுகள்.

அந்தத் தெரிவுகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம், அது நேராகத் தேனி மாவட்டத்துக்கே வருகிறது. வானிலிருந்து எத்தனை நியூட்ரினோ வரும் என்பது ஊருக்கு ஊர் மாறும். நியூட்ரினோவைப் பிறப்பிக்கும் காஸ்மிக் கதிர்களை பூமியின் காந்தப்புலம் திருப்பிவிடுகிறது. காந்தப்புலத்தின் கிடைமட்டக் கூறு வலுவாக உள்ள இடத்தில் குறைந்த ஆற்றல் கதிர்கள் உள்ளே நுழைவது கடினம், எனவே அங்கே பிறக்கும் குறைந்த ஆற்றல் நியூட்ரினோவும் குறைவு. ஜப்பானின் கமியோகாவில் இந்தக் கிடைமட்டக் கூறு சுமார் 30,000 நானோடெஸ்லா. தேனியில் சுமார் 40,000. தொடக்ககால ஐகால் கணக்குகள் கமியோகாவுக்காக ஜப்பானிய இயற்பியலாளர் ஹோண்டாவின் குழு தயாரித்த வரவு அட்டவணையைப் பயன்படுத்தின. வேறு அட்டவணை அப்போது கையில் இல்லை. பின்னர் 2015 வாக்கில் அதே குழு தேனிப் பகுதிக்கான அட்டவணையையும் வெளியிட்டது.

இப்போது உங்கள் கையில் ஒரு வரைபடம் மட்டும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு போடப்படவில்லை, கோப்பின் பெயரில் 'இறுதி' என்று இருக்கிறது. அது கமியோகா வானத்துக்கா, ராசிங்காபுரம் வானத்துக்கா? வளைகோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொரு மாற்றம் 2012 மார்ச்சில் வந்தது. தீட்டா ஒன்று மூன்று எனப்படும் நியூட்ரினோக் கலப்புக்கோணத்துக்கு அதுவரை உறுதியான அளவீடு இல்லை. சீனாவின் தயா பே அணு உலைச் சோதனை அதன் மதிப்பை அளந்து அறிவித்தது. உலகெங்கும் நியூட்ரினோ ஆய்வுக்கூடங்களின் எதிர்பார்ப்புக் கணக்குகள் புதிய எண்ணோடு திரும்பச் செய்யப்பட்டன. முழுச் செய்முறையையும் ஒரே கட்டாக வைத்திருந்தவருக்கு அது ஒரு வரியை மாற்றி, கணினியை ஓடவிடும் வேலை. மற்றவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்பதே ஒரு வேலை.

விடையும் வேண்டும், வழியும் வேண்டும்

செய்முறை இருந்தால் போதாதா, விடை எப்போது வேண்டுமானாலும் வருமே என்று நிரல் எழுதுபவர்கள் சொல்வதுண்டு. இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆயிரம் ஆண்டு நிகழ்வுகளை மறுபடி ஓட்டக் கணினி நேரம் வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, நிரல்களும் மூப்படைகின்றன. நுவான்ஸ் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. இந்தத் துறையில் பெரும்பாலான குழுக்கள் இப்போது ஜெனி என்ற வேறு நிரலுக்கு மாறிவிட்டன. ஜீயன்ட்4 பதிப்புக்குப் பதிப்பு தன் இயற்பியல் மாதிரிகளைத் திருத்துகிறது. அதே உள்ளீட்டைத் தந்தாலும் புதிய பதிப்பு சற்றே வேறு விடை தரும். தற்செயல் எண்களின் தொடக்க எண் மாறினால் ஒவ்வொரு நிகழ்வும் மாறும். பல செயலிகளில் பிரித்து ஓட்டும்போது கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். பழைய விடை கையில் இல்லாவிட்டால், புதிதாக வந்தது ஒத்துப்போகிறதா என்று எதை வைத்துச் சொல்வது? விடைதான் செய்முறைக்குச் சாட்சி.

இதற்கு அளந்து கண்ட ஆதாரமே இருக்கிறது. நிரலையும் அது தந்த விடையையும் வரைபடத்தையும் விளக்கத்தையும் ஒரே கோப்பில் வைக்கும் வடிவம் ஜுபிட்டர் நோட்புக். ஃபெர்னாண்டோ பெரெஸ் 2001இல் தொடங்கிய ஐபைத்தானிலிருந்து 2014இல் பிரிந்து வளர்ந்தது. இன்று நம் ஊர்ப் பொறியியல் மாணவர்கள் வரை எல்லோரும் பயன்படுத்துவது. பிரேசில், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து கிட்ஹப்பில் பொதுவில் கிடக்கும் நோட்புக்குகளை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஓட்டிப் பார்த்தவை 8,63,878. பிழையின்றி ஓடி முடிந்தவை 24.11 விழுக்காடு. பழைய விடையையே திரும்பத் தந்தவை 4.03 விழுக்காடு மட்டும். இந்த இரண்டாவது எண்ணைக் கணக்கிட முடிந்ததே, அந்த நோட்புக்குகளில் பழைய விடைகள் சேமிக்கப்பட்டிருந்ததால்தான் என்பதைக் கவனிக்கவேண்டும். நிரல் மட்டும் இருந்திருந்தால் ஓடிய அத்தனையும் சரி என்றே எண்ணியிருப்போம்.

ஓடாமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம், தேவையான துணை நிரல்கள் எந்தப் பதிப்பில் இருந்தன என்ற குறிப்பு இல்லாதது, உள்ளீட்டுத் தரவு எழுதியவரின் கணினியிலேயே தங்கிவிட்டது போன்றவை. நோட்புக்குக்கே உரிய வேறொரு சிக்கலும் உண்டு. அதில் கட்டங்களை எந்த வரிசையிலும் இயக்கலாம். மூன்றாவது கட்டத்தை இயக்கி, முதலாவதைத் திருத்தி, ஐந்தாவதை இயக்கி ஒருவர் விடைக்கு வந்திருப்பார். மேலிருந்து கீழே படிப்பவருக்கு அந்த வழி தெரியாது. எனவே இந்தத் துறையில் அனுபவமுள்ளவர்கள் சொல்லும் எளிய விதி: சேமிக்கும் முன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மேலிருந்து கீழே ஒருமுறை முழுக்க ஓட்டு, அந்த விடைகளோடு சேமி.

துகள் இயற்பியலாளர்களின் கருவி ரூட். ரெனே புருனும் ஃபோன்ஸ் ராடமாக்கர்ஸும் 1990களின் நடுவில் சேர்னில் தொடங்கியது. ஐகால் ஆய்வுகளும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ரூட் கோப்பின் அமைப்பில் எனக்கு மதிப்பு மிகுந்த இரண்டு அம்சங்கள் உண்டு. தரவை எழுதும்போது, அந்தத் தரவு எந்த வடிவத்தில் அடுக்கப்பட்டிருக்கிறது என்ற விளக்கத்தையும் அதே கோப்புக்குள் எழுதிவைக்கும். எழுதிய நிரல் காணாமல் போனாலும் கோப்பைத் திறக்க வழி இருக்கும். ஒரு வரைபடத்துக்கு வளைகோடு ஒன்றைப் பொருத்தினால், அந்தப் பொருத்தமும் அதன் எண்களும் வரைபடத்தோடு ஒட்டியபடியே சேமிக்கப்படும். படமாக மட்டும் பார்த்தால் கோடு. கோப்பாகத் திறந்தால் கோட்டுக்குப் பின்னால் உள்ள சமன்பாடு. பல ஆண்டுகளுக்கு முன்பே இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

கணினிப் பழக்கம் உள்ள எவரும் தினமும் தொடும் எக்செல் தாளும் இதே வகைதான். ஒவ்வொரு கட்டத்திலும் சூத்திரமும் அது கடைசியாகத் தந்த விடையும் அருகருகே சேமிக்கப்படுகின்றன. இந்த அமைப்பு ஒரு பெரிய பிழையை வெளிக்கொண்டுவந்தது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் 2010இல், அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 விழுக்காட்டுக்கு விழுகிறது என்றார்கள். பல நாடுகளின் சிக்கன நடவடிக்கைகளுக்கு இது மேற்கோளானது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அந்த முடிவைத் திரும்பப் பெற முயன்றார், வரவில்லை. ஆசிரியர்களிடம் கேட்டு அசல் தாளைப் பெற்றார். சராசரி எடுக்கும் சூத்திரம் 30ஆம் வரிசையிலிருந்து 49 வரை போகவேண்டியது 44இலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளை விட்டதும் சராசரிக்கு எடை கொடுத்த விதமும் சேர, திருத்திய விடை 2.2 விழுக்காடு என்று 2013இல் அவரும் அவருடைய ஆசிரியர்களும் வெளியிட்டார்கள். அச்சிட்ட கட்டுரை மூன்று ஆண்டுகளாக எல்லோர் கையிலும் இருந்தது. தாள் கைக்கு வந்ததும் பிழை தெரிந்தது.

மூடிய சுரங்கம், காகிதக் கட்டு

இந்தியாவில் நியூட்ரினோ ஆய்வு போடியில் தொடங்கவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அமைத்த சோதனை, காற்றுமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்த அறிவிப்பை 1965இல் உலகில் முதன்முதலாக வெளியிட்டது. நியான் குழாய்கள் மின்னுவதைப் படம்பிடித்துத் தடங்களைப் படித்த காலம் அது. 1975இல் அதே சுரங்கக் குழு, வழக்கமான விளக்கத்துக்குள் அடங்காத சில நிகழ்வுகளை வெளியிட்டது. பாறையிலிருந்து கிளம்பவேண்டிய தடங்கள் காற்றிலோ மெல்லிய பொருளிலோ தொடங்குவதுபோல் தெரிந்தன. கோலார் நிகழ்வுகள் என்ற பெயர் நிலைத்தது, விளக்கம் நிலைக்கவில்லை.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தச் சோதனையை அந்த இடத்தில் இனிச் செய்ய முடியாது. ஆனாலும் 2014இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் பிரமாணா இதழில், அந்த நிகழ்வுகள் கரும்பொருள் துகளின் சிதைவாக இருக்கலாமா என்ற கேள்வியோடு அவற்றை மறுபடி எடுத்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து அது சாத்தியமானதற்குக் காரணம், பழைய குழு மொத்த எண்ணிக்கையோடு நிற்காமல், நிகழ்வு நிகழ்வாக விவரங்களை எழுதி வைத்திருந்தது. ஐகால் போன்ற பெரிய கருவி அமைந்தால் அதைச் சோதிக்கலாம் என்பதும் அந்த விவாதத்தின் ஒரு பகுதி.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் டெசி ஆய்வகத்தில் 1979 முதல் 1986 வரை ஓடிய ஜேட் சோதனைக்கும் இப்படி மறுபிறவி கிடைத்தது. புதிய கோட்பாட்டைப் பழைய ஆற்றல் அளவில் சோதிக்க விரும்பிய சீக்ஃப்ரீட் பெத்கே 1990களில் அந்தத் தரவைத் தேடிப் போனார். நாடாக்களில் தரவு இருந்தது. நிரல்கள் அந்தக் காலத்துப் பெருங்கணினிக்கே உரியவை; புதிய கணினியில் இயங்கவைக்கப் பெரும்பாடு. மோதல்களின் செறிவைச் சொல்லும் இன்றியமையாத எண்கள் கணினியில் இல்லை. பழைய அச்சுத்தாளில் கிடைத்தன. அவற்றை உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றினார்கள். வலுவான விசையின் இணைப்பெண் ஆற்றலோடு எப்படி மாறுகிறது என்பதற்கு அந்தப் பழைய தரவு புதிய சான்றானது.

காலாவதியான விடை

இரண்டையும் ஒரே கட்டாக வைத்தால் எல்லாம் தீர்ந்ததா? ஓர் ஆபத்து புதிதாக வருகிறது. நிரலைத் திருத்திவிட்டு, மறுபடி ஓட்டாமல் சேமித்தால், கோப்புக்குள் புதிய செய்முறையும் பழைய விடையும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று உரியவை என்று படிப்பவர் நம்புவார். விடை இல்லாத கோப்பைவிட இது மோசமானது, ஏனெனில் கேள்வி எழுவதற்கே இடமில்லை.

பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய மேக் என்ற சிறிய நிரல் இதற்கு முதல் நல்ல தீர்வைத் தந்தது. விடைக் கோப்பின் நேரத்தையும், அது எதிலிருந்து வந்ததோ அந்தக் கோப்பின் நேரத்தையும் ஒப்பிடும். மூலம் புதிதாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டும். இன்றைய ஸ்நேக்மேக், நெக்ஸ்ட்ஃப்ளோ போன்றவை அந்த வழியில் வந்தவையே. இன்னும் கறாரான முறை, செய்முறையின் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் ஒரு முத்திரை எண்ணைக் கணக்கிட்டு விடையோடு பொறித்து வைப்பது. செய்முறையில் ஒரு காற்புள்ளி மாறினாலும் முத்திரை ஒத்துப்போகாது; விடை காலாவதியானது என்று நிரலே சொல்லிவிடும்.

மதுரையில் நியூட்ரினோ திட்டத்தின் மையத்தில் 85 டன் எடையுள்ள மினி ஐகால் என்ற சிறிய மாதிரிக் கருவி 2018 முதல் காஸ்மிக் மியூவான்களைப் பதிந்துவருகிறது. அங்கே இந்த ஒழுங்கு இன்னும் தேவை. உணரிகளின் செயல்திறன் உயர்மின்னழுத்தத்தையும் வாயுக் கலவையையும் வெப்பநிலையையும் பொறுத்தது. மதுரையின் சித்திரை வெயிலில் எடுத்த தரவை மார்கழித் திருத்த எண்களோடு சேர்த்துவைத்தால் விடை பொய்யாகும். திருத்த எண்களும் அவை எந்த நாளுக்கு உரியவை என்ற குறிப்பும் தரவோடு ஒட்டியே பயணிக்கவேண்டும்.

ஊராருக்கும் கணக்கு

இதுவரை சொன்னது ஆய்வாளர்களுக்கு. பொட்டிப்புரத்திலும் ராசிங்காபுரத்திலும் தேவாரத்திலும் இருப்பவர்களுக்கு நியூட்ரினோவின் நிறைவரிசை முதல் கவலை இல்லை. சுரங்கம் தோண்ட வெடி வைத்தால் வீட்டுச் சுவர் விரிசல் விடுமா, கிணற்றுத் தண்ணீர் இறங்கிவிடுமா என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விகள், அவற்றுக்கும் கணக்கு உண்டு.

வெடி அதிர்வைக் கணிக்கச் சுரங்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் முறை எளியது. வெடிக்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு உள்ள தூரத்தை, ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் எடையுடைய வர்க்கமூலத்தால் வகுக்கவேண்டும். வரும் எண் கூடக்கூட அதிர்வு குறையும். எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதை அந்தப் பாறையில் சோதனை வெடி வைத்துக் கண்டறிந்த இரண்டு மாறிலிகள் சொல்லும். அடுக்கு 1.6 என்று வைத்துக்கொண்டால், தூரம் இரட்டித்தால் அதிர்வு மூன்றில் ஒரு பங்காகும். மருந்தின் எடையை நான்கு மடங்காக்கினால் அதிர்வு மூன்று மடங்காகும். பிளஸ் டூ படித்தவர் ஒருவர் தொலைபேசியிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

ஆனால் நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் பொதுவாக நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பிடிஎஃப் கோப்பாகவே மக்களுக்கு வருகின்றன. அட்டவணையில் விடை இருக்கும். சூத்திரம் ஓடும் தாள் இருக்காது. மருந்தின் எடையை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்க வழியில்லாத விடையை நம்பு என்று சொல்லும்போது, நம்பாமலிருப்பது அறியாமை ஆகாது. போடி மலையடிவாரத்தில் நடந்த நீண்ட வாக்குவாதத்தில் இரு தரப்பிலும் எண்கள் வீசப்பட்டன. அதிர்வுக் கணக்கும் நீர்க் கணக்கும் உள்ளீடு, சூத்திரம், விடை மூன்றும் ஒன்றாக உள்ள திறந்த தாள்களாகப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளிக் கணினியிலும் கிடைத்தால்தான் இப்படிப்பட்ட வாக்குவாதம் கணக்கின்மேல் நடக்கும். திட்டத்தை எதிர்ப்பவரின் மாற்றுக் கணக்குக்கும் இதே விதி பொருந்தும். ஆய்வகம் வரவேண்டுமா வேண்டாமா என்ற முடிவுக்கு எந்தப் பக்கம் நிற்பவரானாலும், இந்த உரிமையைக் கேட்கவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

நியூட்ரினோ திட்டத்துக்கான முனைவர் பட்டப் பயிற்சி 2008இல் தொடங்கியது. அதில் படித்தவர்கள் ஐகால் கணக்குகளின் பெரும்பகுதியைச் செய்தவர்கள். பலர் இன்று வேறு நாடுகளில், வேறு துறைகளில் இருக்கிறார்கள். அவர்களிடமும், இன்று எந்தத் துறையிலும் கணினியில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் தமிழ் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது, கட்டுரை இதழில் இருக்கிறது. நிரல், அதன் பதிப்பு எண், உள்ளீட்டு அட்டவணை எந்த ஊர் வானத்துக்கு உரியது என்ற குறிப்பு, தொடக்க எண், இடைக்கால விடைகள், இறுதி வரைபடம் ஆகிய அனைத்தையும் ஒரே கட்டாக்கி, செனோடோ போன்ற ஒரு பொதுக் கிடங்கில் ஏற்றிவிடுங்கள். அங்கே இடம் இலவசம். கட்டுக்கு நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். ஏற்றும் முன், உங்கள் கணினி அல்லாத வேறொரு கணினியில் அதைத் திறந்து ஒருமுறை முழுக்க ஓட்டிப் பாருங்கள்.